ஆறா, வெயிலா, காற்றா, பூமிச்சூடா: சிறிய நாட்டுக்கு எது தாங்கும்?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை வாக்கில் இலங்கை முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுவிட்டது என்றார் துறை அமைச்சர். ஊரே சிரித்தது. குரங்கு பாவம். துணைமின் நிலையத்தில் பழுது வராத நாடு கிடையாது. ஒரு பழுது நாட்டையே இருட்டாக்கியதற்கு அது நடந்த நேரமும் ஒரு காரணம். விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரை சோலார்களிலிருந்து மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டுச் சுழலும் பெரிய டர்பைன்கள் பல ஒதுங்கியிருந்தன. அந்தக் கனத்த இரும்பின் சுழற்சி வேகம்தான், மின்சாரம் துடிக்கும் வேகமான அதிர்வெண் திடீரென்று சரியாமல் சில நொடி தாங்கிப் பிடிக்கும். சோலார் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் சுழல்வது எதுவும் இல்லை.

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றதும் யூனிட் எவ்வளவு, எது மலிவு என்றுதான் ஒப்பிடுகிறோம். பெரிய நாட்டுக்கு அது போதும். அங்கே ஒரு ஆலை நின்றால் கடலில் ஒரு குடம் குறைந்த மாதிரி. இலங்கையின் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் அலகு ஒன்று நின்றால் உச்சத் தேவையிலேயே பத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஆகவே சிறிய நாடு முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது ஓடாத நாளில் நம்மிடம் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியோடு ஆற்றைப் பார்ப்போம். நேபாளமும் பூட்டானும் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரத்தில் ஓடுபவை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேபாளத்தின் நிலையங்களில் பெரும்பாலானவை நீரைத் தேக்காமல் ஓடுகிற ஆற்றை அப்படியே டர்பைனுக்குத் திருப்புபவை. மழைக்காலத்தில் உபரி. குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும், உற்பத்தி பல மடங்கு விழும். மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கும் அதே நாடு குளிரில் இந்தியாவிடமே வாங்குகிறது. குறிப்பிடத்தக்க தேக்கம் என்று வெகுகாலம் இருந்தது குலேகானி அணை ஒன்றுதான். 2016 இறுதியில் காத்மாண்டுவின் நீண்ட மின்வெட்டு முடிவுக்கு வந்ததற்கு மின்வாரியத் தலைவர் குல்மான் கிசிங்கை எல்லோரும் கொண்டாடினார்கள். பாராட்டு தகும். ஆனால் இந்தியாவிலிருந்து வரும் மின்பாதை இல்லாமல் அது நடந்திருக்காது.

இமயமலை ஆறுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. வெள்ளத்தில் குவார்ட்ஸ் மணல் சேர்ந்து வரும். அது டர்பைன் தகடுகளை அரத்தால் ராவுகிற மாதிரி தேய்க்கும். வழுவழுப்பாக இருந்த எஃகு சில பருவங்களில் குழிகுழியாகிவிடும், கழற்றிப் பற்றவைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். நீர் இலவசம் என்று சொல்பவர்கள் இந்தச் செலவைச் சேர்ப்பதில்லை. மலையும் சும்மா இருப்பதில்லை. பூட்டானின் 1,200 மெகாவாட் புனாத்சாங்சூ-1 திட்டத்தில் 2013-இல் கரைச்சரிவு நகர்ந்தது. அதன்பின் பத்தாண்டு தாண்டியும் அணை எழவில்லை, செலவு மதிப்பீடு இரண்டு மடங்கைத் தாண்டியது. அத்தனை சிறிய நாட்டில் ஒரு சரிவு பட்ஜெட்டையே அசைத்துவிடுகிறது.

சோலார் இதற்கு நேரெதிர். மாதக்கணக்கில் கட்டி முடிக்கலாம், துண்டு துண்டாகச் சேர்க்கலாம், ஒரு பலகை போனால் ஒரு பலகைதான் போகும். சிறிய நாட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். சிக்கல் கடிகாரத்தில். இந்த நாடுகள் பலவற்றில் தேவை உச்சத்துக்குப் போவது மாலை ஆறரைக்கு மேல், வீட்டில் விளக்கும் அடுப்பும் டிவியும் சேர்ந்து ஓடும்போது. பலகை தூங்கப்போகும் நேரம் அது. நடுப்பகலில் வேண்டாத அளவு, மாலையில் பூஜ்யம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பேட்டரி இல்லாமல் சோலாரை மட்டும் பெருக்கினால் இங்கேதான் வந்து நிற்போம். பேட்டரி விலை விழுந்துகொண்டிருப்பதுதான் ஆறுதல்.

காற்றைப் பற்றிப் பேச உருகுவே போதும். 35 லட்சம் மக்கள், நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத நாடு. 2008-இல் வகுத்த கொள்கையில் கட்சிகள் ஒத்துப்போயின. அரசு மின்நிறுவனம் ஏலம் விட்டு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 1,500 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. ஆனால் இது காற்றின் வெற்றி மட்டுமல்ல. காற்று வீசும்போது அணையை மூடித் தண்ணீரைச் சேமிக்கிறார்கள், ஓயும்போது திறக்கிறார்கள். போதாததற்குப் பக்கத்தில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் கம்பி இணைப்பில் இருக்கின்றன. இந்த இரண்டும் இல்லாத ஆப்பிரிக்கத் தீவு நாடான காபோ வெர்தேயைப் பாருங்கள். 2011 வாக்கில் நான்கு தீவுகளில் மொத்தம் 25.5 மெகாவாட் காற்றாலை வைத்தார்கள். ஒவ்வொரு தீவும் தனி மின்தொகுப்பு. இரவில் தேவை குறையும்போது டீசல் எஞ்சினைக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறக்க முடியாது, அதனால் வீசுகிற காற்றை வீணாக விட வேண்டியிருந்தது.

கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கத்துக் கதை வேறு. 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017-இல் தயார். 400 கிலோமீட்டருக்கு மேல் போட வேண்டிய மின்பாதை வந்து சேர்ந்தது 2018-இல். இடைப்பட்ட காலத்துக்கு அரசு தண்டம் கட்டியது.

அதே கென்யாதான் பூமிச்சூட்டுக்கும், அதாவது நிலத்தடிச் சூட்டின் நீராவியில் டர்பைன் சுழற்றுவதற்கும், உதாரணம். ஓல்காரியாவில் 1981-இல் தொடங்கியது, இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பூமிச்சூட்டிலிருந்து வருகிறது. இரவு பகல், மழை வறட்சி எதுவும் அதைத் தொடாது. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் எரிமலைப் பிளவு உள்ள நிலம் வேண்டும். ஒரு கிணறு தோண்டவே பல மில்லியன் டாலர், தோண்டியபின் நீராவி வராமலும் போகலாம். அந்தச் சூதாட்டத்துக்குத் தனியார் வரமாட்டார் என்பதால் 2008-இல் கென்ய அரசே தோண்டுவதற்கென ஒரு நிறுவனம் அமைத்தது. சிறிய நாடுகள் காப்பியடிக்க வேண்டியது ஆலையை அல்ல, இந்த ஏற்பாட்டை.

இவை எல்லாவற்றுக்கும் எதிரே நிற்கிறது பழைய டீசல். வாங்கும்போது மலிவு, எரிபொருளில் உறிஞ்சும். புதுப்பிக்கத்தக்கவை தலைகீழ்: செலவு முழுக்க முதல் நாளே, அதுவும் டாலர் கடனில். மக்கள் கட்டுவது உள்ளூர்ப் பணம். நாணயம் சரிந்தால் வெயில் இலவசமாகவே இருக்கும், தவணை ஏறும். பணக்கார நாட்டில் மலிவான அதே பலகை இங்கே விலையேறுவது வட்டியால்தான்.

என் வரிசை இது. ஆறு உள்ள நாடு இன்னொரு அணைக்கு ஓடாமல், இருக்கும் அணைக்குத் துணையாகக் காற்றும் சோலாரும் சேர்க்கலாம். வறண்ட மாதங்களில்தான் பல இடங்களில் வெயில் நன்றாக இருக்கும். எரிமலை மண் உள்ள நாட்டில் முதல் சில கிணறுகளின் நஷ்டத்தை அரசோ நன்கொடையாளரோ ஏற்க வேண்டும். அண்டை நாடு இருந்தால் ஆலைக்கு முன் மின்பாதை. தனித்தீவு என்றால் சோலாரும் பேட்டரியும். டீசல் எஞ்சினை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது, மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எண்ணெய் மாற்றி வைத்திருக்க வேண்டும்.