தேடல் பெட்டி ‘இல்லை’ என்றால் நம்பாதீர்கள்: பழைய ஆவணத் தளங்களோடு சில வருஷங்கள்

பழைய பத்திரிகைகளைக் காசு கட்டிப் பார்க்கும் ஆவணத் தளம் ஒன்று ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறது. நண்பர் கேட்டார்: “நீங்கதான் வருஷக்கணக்கா அதுலயே கிடக்கிறீங்களே, எடுக்கலாமா?” அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. அப்படியே இங்கே போட்டுவிடுகிறேன்.

ஸ்கேன் தரம், பக்கத்தைப் பெரிதாக்குவது, தரவிறக்குவது, இதிலெல்லாம் பெரிய குறை கிடையாது. என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்தத் தேடல் பெட்டியின் மேல்தான்.

பழைய பத்திரிகையைப் படமெடுத்த பிறகு ஓசிஆர் மென்பொருள் அதைப் படித்து உரையாக மாற்றுகிறது. நாம் எதைத் தேடினாலும் அந்த உரைக்குள்தான் தேடுகிறோம். மை ஊறிய தாள், தேய்ந்த அச்சு, நெருக்கியடித்த பத்திகள் என்று எது வந்தாலும் மென்பொருள் தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போய்விடும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் எஸ் எழுத்தின் ஒரு வடிவம் எஃப் மாதிரியே இருக்கும். அதனால் ‘சில்க்’ எல்லாம் ‘ஃபில்க்’ ஆகிக் கிடக்கும். தமிழ் மட்டும் தப்புமா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னா வடிவங்களைக் கண்டால் புது எழுத்தில் பழகிய மென்பொருள் திணறுகிறது. போதாக்குறைக்கு, பழைய நூல்களில் சொற்களைச் சந்தி சேர்த்து ஒரே கோவையாக அடித்திருப்பார்கள். தனிச் சொல்லைப் போட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தளமோ கூசாமல் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்கிறது. ‘என்னால் படிக்க முடியவில்லை’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த ‘இல்லை’யை நம்பித் தேடலைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ.

எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன். ஆள் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரைத் தேடுங்கள், தொழிலைத் தேடுங்கள். ஓசிஆர் எப்படித் தப்பாகப் படித்திருக்கும் என்று ஊகித்து அதே தப்போடு தேடுங்கள். பழைய ஆங்கிலப் பத்திரிகையில் மணமான பெண்ணைத் தேடுவதானால் ‘மிஸஸ்’ போட்டுக் கணவர் பெயரில் தேட வேண்டும். பல இடங்களில் அவளுடைய சொந்தப் பெயர் வரவே வராது. இதற்கும் சிக்காவிட்டால் தேதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

ஆனால் சரக்கே அந்தப் புரட்டலில்தான் இருக்கிறது. தேடல் முடிவு பெரும்பாலும் ஒரு செய்தியை மட்டும் கத்தரித்துக் காட்டும். முழுப் பக்கத்தையும் திறந்தால் பக்கத்துப் பத்தியில் தொலைந்த குடைக்குச் சன்மானம், இருமலில் ஆரம்பித்துச் சகலத்தையும் குணமாக்கும் மருந்து, வீட்டு வேலைக்கு ஆள் தேவை. போர் எப்போது மூண்டது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சமையலோடு தையலும் தெரிந்திருக்க வேண்டும், விடியலில் எழ வேண்டும் என்று அந்த வீட்டார் எதிர்பார்த்ததை விளம்பரத்தில்தான் படிக்க முடியும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் செய்தித்தாள் படத்துக்குப் பக்கத்திலேயே ஓசிஆர் உரையையும் வைத்திருக்கிறார்கள். பிழையை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தன் அழுக்கை மறைக்காத தளம். ஒரு வரி திருத்தலாம் என்று உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும், அது வேறு.

அதைவிட மேல், லண்டன் ‘ஓல்ட் பெய்லி’ நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள். 1674 முதல் 1913 வரை, ஏறக்குறைய 1,97,000 வழக்குகள். 1834 வரையிலான பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கிறது! சாட்சி சொல்ல வந்தவர்கள் திருட்டைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? யார் யாரோடு ஒரே அறையில் தங்கினார்கள், துணியை எங்கே காயப்போட்டார்கள், கதவை எப்போது தாழிட்டார்கள் என்று வாழ்க்கையே வந்து விழுகிறது. ஒரு கட்டத்தில் 39 ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) என்ற மதிப்பு திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். அந்தக் காலத்தில் குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங்குக்கோ அதற்கு மேலோ திருடினால் மரண தண்டனை. அதனால் ஜூரிகள் திருட்டுப் பொருளின் மதிப்பை வேண்டுமென்றே 39 என்று குறைத்திருக்கிறார்கள். ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர்.

இப்போது நண்பரின் கேள்வி. அந்தச் சந்தாத் தளத்தில் வேறெங்கும் நான் பார்த்திராத சிற்றூர்ப் பத்திரிகைகள் இருக்கின்றன. தொகுப்பை வைத்துப் பார்த்தால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆனால் சமீபத்தில் தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பக்க முகவரிகளையெல்லாம் மாற்றிவிட்டார்கள். நான் சேமித்து வைத்திருந்த சுட்டிகள் அத்தனையும் செத்துப்போயின. புகார் எழுதினேன். தேடல் பெட்டியில் மறுபடி தேடிப் பார்க்கும்படி பதில் வந்தது. அதே தேடல் பெட்டி!

எடுக்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். முதலில் ஓல்ட் பெய்லிக்குப் போங்கள், அது இலவசம். கொலை வழக்குகளைத் தள்ளிவிட்டு, சட்டையோ கரண்டியோ திருடிய வழக்கு ஒன்றில் ஆரம்பியுங்கள்.