மார்த்தா ரூட்டா, சூசன் மூடியா: யாரைப் பற்றி முதலில் படிக்கலாம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தின் தொடக்கக் காலத் தொண்டர்களை அறிய விரும்புவோர், அமெரிக்கப் பெண்மணிகளான மார்த்தா ரூட், சூசன் மூடி ஆகிய இருவரில் யாரிடமிருந்து தொடங்குவது என்று தயங்குவதுண்டு.

பணி
மார்த்தா: பத்திரிகையாளர்; 1919 முதல் 1939இல் ஹொனலுலுவில் மறையும் வரை நாடு நாடாகச் சென்று பஹாய் போதனைகளை எடுத்துரைத்தார்.
சூசன்: சிகாகோ மருத்துவர், 1909இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தெஹ்ரானுக்குச் சென்று பெண்களுக்குச் சிகிச்சை அளித்தார்.

கொடுத்த விலை
மார்த்தா: புற்றுநோயின் வேதனை, கையில் சொற்பப் பணம்.
சூசன்: தாய்நாட்டைப் பிரிந்த வாழ்வு.

விளைவு
மார்த்தா: 1926இல் அவர் சந்தித்த ருமேனிய அரசி மரீ, அப்போதனைகளைப் போற்றிப் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே எழுதினார், அந்நாளில் ஓர் அரசிக்கு அது எளிய செயலன்று.
சூசன்: 1911இல் தர்பியத் பெண்கள் பள்ளி உருவாக உழைத்தார். 1934இல் ஈரானிய அரசு அப்பள்ளியை மூடிவிட்டபோதும், அதற்குள் பல பெண்கள் அங்கே கல்வி பெற்றிருந்தனர்.

எழுத்தாலும் பேச்சாலும் தொண்டு செய்ய விழைவோர் மார்த்தாவிடம் தொடங்கலாம். மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் ஓரிடத்தில் ஊன்றி உழைப்போருக்குச் சூசனே பொருத்தமானவர். இடையில் அமெரிக்கா திரும்ப நேர்ந்தும், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் 1928இல் மீண்டும் தெஹ்ரானுக்கே சென்று, 1934இல் அங்கேயே மறைந்தார்.