பவுடர் கோட்டிங் என்று சொல்லி ரூ.18,500 வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். பழைய இரும்பு நாற்காலி, ஊஞ்சல் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். மொட்டை மாடியில் அப்பா வாங்கிப் போட்ட இரும்பு ஊஞ்சல் ஒன்று, நான்கு நாற்காலி, ஒரு வட்ட மேசை. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்து, பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஆனால் இரும்பு நல்ல கனம். எடைக்குப் போட மனசு வரவில்லை.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். பழைய அவுட்டோர் ஃபர்னிச்சரைப் புதிதாக்கித் தருகிறோம், பவுடர் கோட்டிங், ஐந்து வருட உத்தரவாதம் என்று போட்டிருந்தது. பதிவு செய்ததும் ஆள் வந்தார்.

அவர் பேசியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவசரமே படவில்லை. ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்தார், வெல்டிங் பிடித்த இடங்களைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, இங்க சாதா எனாமல் அடிச்சா ஒரு மழைக்காலம் தாங்காது. சாண்ட் பிளாஸ்டிங் பண்ணி, அதாவது மணலை வேகமா அடிச்சு, துருவை முழுசா எடுத்துட்டு, பவுடர் போட்டு, 200 டிகிரி ஓவன்ல வச்சு எடுப்போம்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்பதுதான் வயிற்றெரிச்சல். மின்னேற்றம் செய்த பவுடரை இரும்பின் மேல் தெளித்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கினால் அது ஒரே தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். தொழில் தெரிந்தவர்தான். போகும்போது அப்பாவிடம், "ஐயா, உங்க ஊஞ்சலுக்கு நான் பொறுப்பு" என்றார். அப்பா உள்ளே வந்து அவருக்குக் காபி போடச் சொன்னார்.

முன்பணம் செயலி வழியாக ரூ.10,000. மீதி ரூ.8,500 பொருள் வந்ததும் அவர் கையில். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது கரும்பச்சையில் பளபளவென்று இருந்தது. அப்புறம்தான் அப்பா ஊஞ்சலை விட்டு எழும்போதெல்லாம் வேட்டியில் பச்சைக் கறை. போன் செய்தேன். "புது பெயின்ட்னா அப்படித்தான்கா, நாலு வெயில் பட்டா செட் ஆயிடும்." பவுடர் கோட்டிங் ஓவனிலேயே செட் ஆகிவிடும். வெளியே எடுத்து ஆறினால் வேலை முடிந்தது. அதற்கு எதற்கு வெயில்?

சந்தேகத்தில் நாற்காலியைக் கவிழ்த்தேன். கால்களின் அடியில் இருந்த பழைய பிளாஸ்டிக் புஷ்கள் அப்படியே இருந்தன, அவற்றின் மேலும் பச்சை ஸ்பிரே. 200 டிகிரியில் போய் வந்திருந்தால் அவை உருகியிருக்கும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். பச்சை மொத்தமாகக் கழன்று வந்தது. உண்மையான பவுடர் கோட்டிங் என்றால் கொஞ்சம் மங்கலாம், இப்படிக் கையோடு வராது. கீழே துரு. சாண்ட் பிளாஸ்டிங் கிடக்கட்டும், எமரி பேப்பர்கூடப் படவில்லை, பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற ரெட் ஆக்ஸைடு பிரைமர்கூட இல்லை. துருவின் மேலேயே நேராகப் பெயின்ட் அடித்து ரூ.18,500 வாங்கியிருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். "சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்கா, கூப்பிடறேன்." "ஊருக்கு வந்திருக்கேன்." "கடல் காத்துக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" கடல் காற்றுக்காகத்தானே ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்தீர்கள்? பிறகு போனையே எடுக்கவில்லை. செயலிக்காரர்களோ, நாங்கள் வாடிக்கையாளரையும் வேலைக்காரரையும் இணைப்பதோடு சரி, மீதிப் பணம் நேரில் கொடுத்தது எங்கள் கணக்கில் வராது என்றார்கள். சரி, எங்கள் வழியாக வந்த ரூ.10,000-க்காவது பதில் சொல்லுங்கள் என்றால், அடுத்த முறைக்கு ரூ.500 கூப்பன் தருகிறார்களாம். ரூ.18,500 போனவளுக்கு ரூ.500 கூப்பன்! நான் எழுதிய விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் வந்து பார்த்தார். கம்பி பிரஷ், எமரி போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், சிந்தெடிக் எனாமல் இரண்டு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி காயவிட்டிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது என்றார். இப்போது அந்தப் பச்சையை பெயின்ட் ரிமூவர் போட்டு உரிப்பதற்கே தனிச் செலவு.

எப்படி ஆள் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பவுடர் கோட்டிங் என்று யார் சொன்னாலும் யூனிட் எங்கே என்று கேளுங்கள். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களில் இருக்கின்றன, நீங்களே போய்ப் பாருங்கள். துரு எடுத்த வெறும் இரும்பைப் பார்க்காமல் கோட்டிங் போடவிடாதீர்கள். பிளாஸ்டிக் புஷ், மரப்பலகை எதையும் கழற்றாமல் ஓவனில் வைக்க முடியாது. மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். பில்லில் பவுடர் கோட்டிங் என்று எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், ரூ.5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

கொட்டிவாக்கம், பாலவாக்கம் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். அந்த விளம்பரம் இன்றைக்கும் ஓடுகிறது, எங்கள் ஊஞ்சல் படத்தையே போட்டு. கரும்பச்சை ஊஞ்சல், பின்னால் நீலத் தண்ணீர் டேங்க் தெரிந்தால் அது எங்கள் மாடிதான். அவர்களைக் கூப்பிடாதீர்கள்.