சஸ்காட்செவன் கிராமச் சாலைகள்: 12 ஆண்டு, 5 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

2013 செப்டம்பரில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கு வேலைக்கு வந்தேன். சின்ன ஊர் மருத்துவமனைகளுக்குப் போய் ஆய்வுக்கூடக் கருவிகளைச் சோதித்துப் பழுது நீக்குவது என் வேலை. வாரத்தில் நான்கு நாள் சாலையில்தான் கழியும். இதற்குள் மூன்று பிக்கப் மாற்றிவிட்டேன். ஓடிய தூரம் 5 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்தப் பக்கம் புதிதாக வேலை கிடைத்து வருகிறவர்கள் "அங்கே ரோடு எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

டிரான்ஸ்-கனடா எனப்படும் 1-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008-லேயே மாகாணத்தின் இரு எல்லை வரைக்கும் நான்கு வழியாகிவிட்டது. 110 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகலாம். 2019-ல் திறந்த ரெஜைனா பைபாஸும் அப்படித்தான். அதன் முதல் கட்டமாக பல்கோனி, வைட் சிட்டி பக்கம் 2017-ல் மேம்பாலங்கள் வந்தன. அதற்கு முன் அங்கே காலை நேரத்தில் எதிர்த்தடத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த மேம்பாலங்களின் அருமை தெரியும்.

என் வேலை பெரும்பாலும் இருவழிச் சாலைகளில்தான். அதிலும் மூன்று இலக்க எண் போட்ட சாலைகள். வரைபடத்தில் தார்ச் சாலை என்றே காட்டும். ஓட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் வழவழப்பு, அடுத்த கிலோமீட்டர் ஒட்டுமேல் ஒட்டு, அப்புறம் திடீரென்று சக்கரம் இறங்கும் குழி.

2017 ஏப்ரலில் அப்படி ஒரு குழியில் முன் சக்கரத்தின் ரிம் வளைந்துபோனது. போனில் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த வயதான விவசாயி ஒருவர்தான் இறங்கி, மண்டியிட்டு, ஸ்பேர் டயர் மாட்ட உதவினார். தன் அப்பா காலத்தில் போட்ட சாலை இது என்றும், அப்போது மூன்று டன் லாரியில் பக்கத்து ஊர் எலிவேட்டருக்கு, அதாவது ரயிலில் ஏற்றும்வரை தானியம் சேமிக்கும் உயரமான கிடங்குக்கு, கோதுமை கொண்டுபோனால் போதும் என்றும் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இந்தச் சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பல ஆயிரம் கிலோமீட்டர் கிராமச் சாலைகள் இங்கே உண்மையான தார்ச் சாலைகளே அல்ல. மண் அடித்தளத்தின் மேல் தூசி பறக்காமல் இருக்க ஒரு மெல்லிய தார்ப்படலம், அவ்வளவுதான். 'தின் மெம்பரேன் சர்ஃபேஸ்' என்பதை டிஎம்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கார்களுக்கும் சின்ன லாரிகளுக்கும் அது போதுமானதாக இருந்தது. 1930-களில் மேற்குக் கனடா முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மர எலிவேட்டர்கள் இருந்தன. ஒவ்வொரு சின்ன ஊரிலும் ரயில் நின்று தானியம் ஏற்றிக்கொண்டது. 1995-ல் தானிய ரயில் கட்டணத்துக்கான அரசு மானியம் நின்றது. கிளை ரயில் பாதைகளும் மர எலிவேட்டர்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றுக்குப் பதில் வெகுதூரத்துக்கு ஒன்றாகப் பெரிய கான்கிரீட் டெர்மினல்கள் வந்தன. ரயில் சுமந்த பாரம் அப்படியே சாலையில் இறங்கியது. இன்று இரண்டு டிரெய்லர்களை இழுக்கும் ஒரு சூப்பர் பி-டிரெயின் லாரி எட்டு அச்சில் 63,500 கிலோ வரை எடையோடு போகிறது. தூசிக்காகப் போட்ட படலம் அதை எப்படித் தாங்கும்?

அதோடு குளிர். மண்ணில் உள்ள ஈரம் உறைந்து சாலையையே மேலே தூக்கும். வசந்தத்தில் மேல்பகுதி மட்டும் உருகும், அடியில் பனிக்கட்டி அப்படியே இருக்கும். நடுவில் சிக்கிய தண்ணீருக்கு வடிய வழியில்லை. அந்தச் சில வாரங்கள் சாலை ஊறிய பிஸ்கட் மாதிரிதான். அதனால்தான் மார்ச், ஏப்ரலில் லாரிகளுக்கு எடைக் கட்டுப்பாடு போடுகிறார்கள். கடுங்குளிரில் தரை கல்லாக இறுகிவிடுவதால் அப்போது சில சாலைகளில் கூடுதல் எடையை அனுமதிக்கிறார்கள். ரெஜைனாவைச் சுற்றியுள்ள களிமண் பூமியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பழைய பனியுக ஏரி ஒன்றின் அடித்தளம் அது. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும்.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2006 வாக்கில் தென்மேற்கே லீடர் என்ற ஊர்க்காரர்கள் 32-ஆம் எண் சாலையின் குழிகளில் ஆடையின்றி நின்று படம் எடுத்து நாட்காட்டியே போட்டார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒரு சாலைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததே என்று எனக்கு வருத்தம்தான்.

அரசு சில டிஎம்எஸ் சாலைகளை உடைத்துத் திரும்பவும் சரளைச் சாலையாக மாற்றியது. வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. முன்னேற வேண்டியது பின்னால் போகலாமா என்று. இப்போது என் கருத்து வேறு. ஒழுங்காகப் பராமரிக்கும் சரளைச் சாலை, கெட்டுப்போன தார்ச் சாலையைவிடப் பாதுகாப்பானது. சரளையில் எல்லோரும் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். அலையலையாக வாஷ்போர்டு விழுந்தால், சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஒரு முறை ஓடினால் சரியாகிவிடும். உடைந்த தார்ப்படலத்தில் குழி எங்கே இருக்கிறது என்று கடைசி நொடி வரை தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை. மருத்துவமனை உள்ள ஊருக்குப் போகும் சாலையில் இதைச் செய்யவே கூடாது. முதுகெலும்பு அடிபட்ட நோயாளியை எண்பது கிலோமீட்டர் சரளையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று ஒரு பாராமெடிக் என்னிடம் விவரித்திருக்கிறார். அந்தச் சாலைகளை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டத்தான் வேண்டும், செலவு எவ்வளவு ஆனாலும்.

இந்த 12 ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட மேம்பாடு எது என்றால், பாஸிங் லேன், அதாவது முன்வண்டியை முந்துவதற்காக இடையிடையே போடும் கூடுதல் தடம். ரெஜைனாவிலிருந்து 6, 39-ஆம் எண் சாலைகள் வழியாக எஸ்டெவன் சுமார் 200 கிலோமீட்டர். எண்ணெய் டேங்கர்கள், தானிய லாரிகள், நார்த் போர்ட்டல் எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு எல்லாம் அதே சாலையில்தான். முன்பெல்லாம் ஒரு டேங்கருக்குப் பின்னால் ஆறேழு வண்டிகள் சேர்ந்துவிடும். பொறுமை இழந்த ஒருவர் எதிர்த்தடத்தில் ஏறுவார். எதிரே விளக்கு தெரியும். நாம் பிரேக்கில் கால் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். பாஸிங் லேன்கள் வந்தபின் அந்தக் காட்சியை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். இன்னும் சில கிலோமீட்டரில் லேன் வரும் என்று பலகை சொல்கிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள். முழுச் சாலையையும் நான்கு வழியாக்குவதைவிட மிகக் குறைந்த செலவு. இதை இன்னும் பத்து சாலைகளில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாலைச் சந்திப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 ஏப்ரல் 6 அன்று ஆர்ம்லி அருகே 35, 335-ஆம் எண் சாலைகள் சேரும் இடத்தில் ஸ்டாப் பலகையில் நிற்காத லாரியும் ஹம்போல்ட் பிரான்கோஸ் ஹாக்கி அணியின் பேருந்தும் மோதி 16 பேர் இறந்தார்கள். பார்வையை மறைக்கும் மரங்களை அகற்றவும், சந்திப்புக்கு முன் தடதடக்கும் ரம்பிள் கோடுகள் போடவும் பின்னர் வந்த ஆய்வு பரிந்துரைத்தது. 2019 மார்ச்சில் செமி எனப்படும் பெரிய டிரெய்லர் லாரி ஓட்டுநர்களுக்கு 121.5 மணி நேரப் பயிற்சி இங்கே கட்டாயமானது. நிபாவின் என்ற ஊருக்குப் போகும்போது அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்துவது என் வழக்கம். கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. இவ்வளவு திறந்த நிலத்தில் விபத்து எப்படி நடக்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டு மணி நேரம் நேர்கோட்டில் ஓட்டி வந்த மனம் எப்படி மந்தமாகும் என்று எனக்குத் தெரியும். சக்கரத்துக்கு அடியில் அந்தக் கோடுகள் தடதடவென்று உலுக்கும்போது ஒவ்வொரு முறையும் நன்றி சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் கிளம்பும்முன், சாலை நிலவரம் காட்டும் ஹைவே ஹாட்லைன் வரைபடத்தைப் பாருங்கள். 'பயணம் உகந்ததல்ல' என்று போட்டிருந்தால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். மைனஸ் 25-ல் உப்பு வேலை செய்யாது, மணலைத்தான் நம்ப வேண்டும். வானம் நீலமாக இருக்கும்போதே காற்று தரைப்பனியைக் கிளப்பிச் சாலையை மறைத்துவிடும். கட்டம் கட்டமாக அமைந்த கிராமத்து கிரிட் சாலைகளை மைல் கணக்கில் நேராகப் போட்டிருப்பார்கள். பூமியின் வளைவைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒருமுறை வரும் கரெக்‌ஷன் லைனில் சட்டென்று ஒரு வளைவு இருக்கும். பனியில் அது தெரியாமல் பள்ளத்தில் இறங்கியவர்கள் பலர். கோடையில் ஆரஞ்சுப் பலகை உள்ள இடத்தில் வேலையாட்களைக் கடக்கும்போது 60-க்கு மேல் போகவே போகாதீர்கள். அங்கே வெயிலில் நிற்பவர்கள் நமக்காகத்தான் நிற்கிறார்கள். புதிதாக சீல் கோட் போட்ட சாலையில், அதாவது தார் தெளித்து மேலே பொடிக்கல் தூவிய சாலையில், முன்வண்டிக்கு நன்றாக இடைவெளி விடுங்கள், கல் தெறிக்கும். எனக்கு நான்கு விண்ட்ஷீல்டு போயிருக்கிறது.

என் ரிம் வளைந்த அந்தச் சாலையில் 11 கிலோமீட்டரை மூன்று ஆண்டுகளுக்கு முன் அடித்தளத்திலிருந்து எடுத்துக் கட்டினார்கள். இப்போது அதில் ஓட்டும்போது வண்டியில் தேநீர்கூடச் சிந்துவதில்லை. பாலத்துக்கு அப்புறம் உள்ள மீதி 19 கிலோமீட்டர் அப்படியே கிடக்கிறது. அந்த ஊருக்குக் கிளம்பும்முன் அங்குள்ள ஆய்வுக்கூடப் பெண்மணிக்கு போன் செய்து, பாலத்துக்கு அப்புறம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.