மெட்டு புடுங்க ஆள் தேடி கிருஷ்ணகிரி போன கதை (ஆர்மோனியம் ரிப்பேர் கடை, 4/5)

கரண்ட் கட் ஆகி உக்காந்திருக்கேன், மொபைல்ல தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கடை கிருஷ்ணகிரி பழையபேட்டையில இருக்கு. போர்டு கிடையாது, பேரும் கிடையாது, வாசல்ல தோல் கிழிஞ்ச தவில் ஒன்னு தொங்கும், அதான் அடையாளம். ஒரு பாய் ஆர்மோனியம், தபேலா, மிருதங்கம் எல்லாம் ரிப்பேர் பண்றாரு. நான் அவர்கிட்ட தூக்கிட்டு போனது என்னோட பழைய பேஸ் கிட்டார். அதுல கழுத்துல குறுக்கால வரிசையா பதிச்சிருக்குற 20 உலோகக் கோடு, அதான் ஃப்ரெட், எல்லாத்தையும் புடுங்கி மொட்டையாக்கணும், அவ்ளோதான் வேலை.

தர்மபுரி சைடு பண்டிகைக்கு வாசிக்கிற ஒரு ஆர்கெஸ்ட்ரால நான் பேஸ். மேடைக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கு பேஸ்னா சவுண்ட் சர்வீஸ்காரன் கொண்டு வர்ற பெரிய பாக்ஸ்ல நெஞ்சுல இடிக்குற சத்தம், நாலு கம்பிய ஒருத்தன் தனியா உக்காந்து தடவிட்டு இருக்கான்னு பாதி பேருக்கு தெரியவே தெரியாது. எனக்கும் அது பெரிய விஷயமா படல, ஜாக்கோ பாஸ்டோரியஸ்ங்கிற பேஸ்காரர கேக்குற வரைக்கும்.

அந்தாளு 1951ல அமெரிக்கால பென்சில்வேனியா பக்கம் பொறந்து ஃப்ளோரிடால வளந்தவரு. அப்பா ட்ரம்ஸ் வாசிக்கிறவரு, பாடவும் செய்வாரு, பையனும் மொதல்ல ட்ரம்ஸ்தான். ஃபுட்பால் ஆடி மணிக்கட்டு போச்சு, அப்புறம்தான் பேஸ் பக்கம் வந்தாரு. நிக்க வச்சு வாசிக்கிற பெரிய டபுள் பேஸ் ஒன்னு வாங்குனாரு, அது கடலோர ஈரக்காத்து தாங்காம வெடிச்சு போச்சு. கடைசியில கைக்கு வந்தது ஃபெண்டர் கம்பெனியோட 1962 மாடல் ஜாஸ் பேஸ் கிட்டார். அதுல ஃப்ரெட்ட வெண்ணெய் தடவுற கத்திய வச்சு நானே புடுங்குனேன்னு ஒரு தடவ சொல்வாரு, வாங்கும்போதே யாரோ புடுங்கி வச்சிருந்தாங்கன்னு இன்னொரு தடவ சொல்வாரு, எது நெசமோ. ஆனா அதுக்கு மேல படகுக்கு அடிக்கிற எப்பாக்ஸிங்கிற பிசின பூசுனது அவர்தான். ஏன்னா வரிவரியா இருக்குற கம்பி வெறும் கட்டைய அரம் மாதிரி அராவி தின்னுரும், எப்பாக்ஸி பூசுனா கட்டையும் தப்பிக்கும், சத்தமும் கண்ணாடி மாதிரி தெளிவா, நீளமா பாடும்.

1976ல அவரோட மொத ஆல்பம் வந்துச்சு. எடுத்ததுமே சார்லி பார்க்கர் சாக்ஸபோன்ல வாசிச்ச 'டோனா லீ'ய பேஸ்ல வாசிக்கிறாரு, கூட கையால தட்டுற காங்கா ட்ரம் மட்டும்தான், வேற ஒருத்தர் கிடையாது. மொத தடவ கேட்டப்ப இது பேஸ்னே நம்பல. அதே வருஷம் வெதர் ரிப்போர்ட் பேண்ட்ல சேந்தாரு, 1977ல வந்த அவங்க 'ஹெவி வெதர்' ஆல்பத்துல 'டீன் டவுன்'னு ஒன்னு இருக்கு, அதுல பேஸும் அவரே ட்ரம்ஸும் அவரே, பழைய கை விட்டு போகல பாருங்க. ஹெட்போன் போட்டு கேளுங்க, மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டா ஒன்னும் தெரியாது.

சரி கடைக்கு வரேன். பெங்களூர்ல ஒரு கடையில கேட்டதுக்கு 9000 சொன்னாங்க, என் கிட்டாரே அவ்ளோ பெறாது. இங்க பாய் அத தட்டி தட்டி பாத்துட்டு, "ஏன் தம்பி, மெட்டெல்லாம் புடுங்கிட்டா மெட்டு எங்கருந்து வரும்?"னு கேட்டாரு. ஃப்ரெட்டுக்கு அவர் பாஷையில மெட்டு, வீணைக்கு சொல்ற மாதிரி. வீணையில மெழுக சூடு காட்டுனா மெட்டு கையோட வந்துரும், இதுல கட்டையில அறைஞ்சுல்ல வச்சிருக்கான்னு கொஞ்சம் யோசிச்சாரு. மாட்டேன்னு மட்டும் சொல்லல.

பக்கத்துல உக்காந்து பாத்தேன். சால்டரிங் அயர்ன வச்சு ஒவ்வொரு ஃப்ரெட்டா சூடு பண்ணி, வாய தட்டையா தேய்ச்ச கொறடால ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா நெம்பி எடுத்தாரு. ரெண்டு எடத்துல கட்டை செதிலா பேந்துச்சு, அந்த செதில தேடி எடுத்து ஃபெவிக்விக் வச்சு அங்கயே ஒட்டுனாரு. பள்ளத்துக்கெல்லாம் மாமரத்துல சீவுன மெல்லிசு பட்டை, வெளிர் கலரு, அதனால ஃப்ரெட் இருந்த எடம் கோடு மாதிரி தெரியும். கிருஷ்ணகிரியில மாமரத்துக்கா பஞ்சம். அப்புறம் உப்புத்தாள் போட்டு நைசா தேய்ச்சு, டேபிளுக்கு ஊத்துற எப்பாக்ஸி மூணு கோட்டிங். மூணாவது கோட்டிங்ல ஒரு எறும்பு மாட்டிக்கிச்சு, இன்னும் உள்ளதான் இருக்கு. "இருக்கட்டும் தம்பி, கை எங்க வைக்கணும்னு உனக்கு அடையாளம்"னாரு.

தேய்க்கிறப்ப ஜாக்கோ கதைய சொல்லிட்டே இருந்தேன். பேரும் புகழுமா இருந்தவருக்கு மனநோய், குடி வேற, கடைசி வருஷங்கள்ல நியூயார்க் பார்க்ல படுத்து கிடந்தாரு, அந்த பேஸும் 1986ல அங்கதான் திருடு போச்சு. 1987 செப்டம்பர்ல ஃப்ளோரிடால ஒரு க்ளப் வாசல்ல அடிச்சு போட்டுட்டாங்க, நினைவே திரும்பாம 21ம் தேதி செத்துட்டாரு, வயசு 35தான். பாய் கைய நிறுத்திட்டு, "அந்த வாத்தியம் என்னாச்சு?"ன்னு கேட்டாரு. இருபது வருஷம் கழிச்சு நியூயார்க்ல ஒரு கடையில கிடைச்சு, மெட்டாலிகா பேண்ட்ல பேஸ் வாசிக்கிற ராபர்ட் ட்ருஹியோ பணம் குடுத்து அத மீட்டாருன்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னு மறுபடி தேய்க்க ஆரம்பிச்சாரு.

கூலி 1800, எப்பாக்ஸிக்கு தனியா 650. பத்து நாள்னு சொல்லி இருபத்தி நாலு நாள் இழுத்துட்டாரு, பண்டிகை சீசன்ல தவில்காரங்க வந்து நின்னா நம்ம வேலை மூலைக்கு போயிரும். நடுவுல ரெண்டு தடவ தர்மபுரியிலருந்து பஸ் ஏறி போய் சும்மா திரும்புனேன், போன்ல கேட்டா "நாளைக்கு வாங்க"தான்.

சத்தம்? அசந்துட்டேன். ஒரு நோட்டுலருந்து இன்னொன்னுக்கு விரல வழுக்குனா மனுசன் முனகுற மாதிரி ம்ம்வாஆன்னு வருது. நம்மூர்ல மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் கேட்டவங்களுக்கு சட்டுனு புரியும். ஆனா மொத கச்சேரியில மானம் போச்சு. ஃப்ரெட் இருந்தப்ப விரல கோட்டுக்கு கொஞ்சம் பின்னாடி வச்சு பழக்கம், இதுல கரெக்டா கோட்டு மேலயே வைக்கணும், நான் பழைய ஞாபகத்துல வாசிக்க, கீபோர்டு அண்ணன் மைக் ஆன்ல இருக்குறத மறந்துட்டு "டேய் தம்பி சுதி எங்கடா"ன்னு கத்திட்டாரு. மூணு மாசம் டியூனர் வச்சு வீட்ல உக்காந்தப்புறம்தான் மேடைக்கு மறுபடி எடுத்துட்டு போனேன், வேகமான குத்துப்பாட்டுக்கு இன்னும் ஃப்ரெட் வச்ச பேஸ்தான்.

ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு காரணம் லேட் மட்டும் இல்ல. ஃப்ரெட் போனதும் தலைப்பக்கம் கம்பி உக்கார்ற வெள்ளை துண்டையும் எறக்கி அராவணும், அத பாய் அப்படியே விட்டுட்டாரு, அதனால மொத ரெண்டு கோட்டுல கம்பிய அமுக்க விரல் வலிக்குது, சுதியும் கொஞ்சம் மேல ஏறுது. நானும் வாங்குறப்ப பாக்காம விட்டுட்டேன். நீங்க குடுக்குறதா இருந்தா அந்த துண்டையும் எறக்க மொதல்லயே சொல்லிருங்க. வெள்ளிக்கிழமை கடை லீவு. நான் இந்த சனிக்கிழமை அந்த துண்டுக்காக திரும்ப போறேன், கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணேன், "நாளைக்கு வாங்க"ன்னாரு.