சூடானால் கிளம்பாத காரைப் பட்டறையில் விடும் முன்

ஓடி வந்து நிறுத்திய கார், கொஞ்ச நேரத்தில் சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கிறதா? ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறதா? பழைய வண்டி வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஒரு கோளாறைச் சொல்லி என்னிடம் 1,440 வெள்ளி வாங்கினார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

என்னுடையது சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த ஜப்பானிய செடான். காலையில் வீவக கார் நிறுத்துமிடத்தில் ஒரே திருப்பில் கிளம்பும். தீவு விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால் போச்சு. இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் பற்றிக்கொள்ளாது. முக்கால் மணி நேரம் காத்திருந்தால் தானே சரியாகிவிடும்.

உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்திய பட்டறை அது. முதலாளி நம்ம ஆள், பேச்சில் தேன் ஒழுகும். "விட்டுட்டுப் போங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். முதலில் பேட்டரி மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் பம்ப், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். நடுவில் 'டியூன்-அப்' என்று ஒரு தொகை. ஒவ்வொரு முறையும் வண்டியை ஒப்படைக்கும்போது என் எதிரிலேயே ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். இரவெல்லாம் பட்டறையில் ஆறிக் கிடந்த வண்டி கிளம்பாமல் என்ன செய்யும்? காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரிதான்.

இதில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது என்று நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். சுற்றுகிறது என்றாலே பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டேன். காராங்குனிக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குகிறவர், எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பம்பைக் கேட்டேன், அதுவும் அவரிடம்தானாம். கடைசியில் "இசியு போயிடுச்சு தம்பி, 1,900 ஆகும். ஸ்கேன்ல காட்டுது" என்றார். இசியு என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. ஸ்கேன் திரையைக் காட்டச் சொன்னதும் பேச்சு மாறியது: "15 வயசு வண்டி, இவ்வளவு ஓடினதே பெருசு."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். 10 வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. சாலை வரியிலும் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை மேல்வரி ஏறுகிறது. ஏற்கெனவே செலவுக் கணக்கிலேயே வாழ்கிறவனிடம் 'வயசாயிடுச்சு' என்றால் எதையும் விற்றுவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வண்டியை எடுத்துக்கொண்டு சின் மிங் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, கிளம்பாதப்ப சாவியத் திருப்பினா ஆர்பிஎம் முள் கொஞ்சமாச்சும் அசையுதா?" அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. அசையாது என்றேன். பானெட்டை மூடி இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார், அணைத்தார், கால் மணி நேரம் தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தோம். பிறகு திருப்பினால், அதே கோளாறு! மீட்டர் வைத்து கிராங்க் சென்சாரை அளந்தார். உள்ளே கம்பிச் சுருள் அறுந்திருப்பதாகக் காட்டியது. சென்சார் மேல் தண்ணீர் ஊற்றி ஆறவைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. புது சென்சாருக்கும் கூலிக்கும் சேர்த்து 170 வெள்ளி. பழையதைக் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார்.

நடப்பது இதுதான். இன்ஜினின் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்பதை இசியுவுக்குச் சொல்வது அந்தச் சென்சார். பழசாகிப்போன சென்சாரின் உள்ளே மெல்லிய கம்பியில் விரிசல் விழுந்தால், சூட்டில் விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது காற்றும் குளிர்நீரும் சூட்டைக் கொண்டுபோகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால் முதல் கால் மணி நேரத்தில் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அந்த நேரத்தில் சிக்னல் இல்லையென்றால் இசியு தீப்பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. ஆர்பிஎம் முள் அசையாததற்கும் அதுதான் காரணம். பல கார்களில் பம்பையும் நிறுத்தி வைத்துவிடும். என் பம்பின் மேல் பழி விழுந்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லலாம்தான். ஆனால் சாவியை ஆனில் வைத்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'உம்ம்' என்று சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எல்லா வண்டிக்கும் சென்சார்தான் காரணம் என்று சொல்லவில்லை. 90களின் ஹோண்டாக்களில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேயின் ஈயப்பற்று விரிசல் விட்டு இதே தொல்லை கொடுப்பது பிரபலம். குளிர்நீர் வெப்பச் சென்சார் பொய் சொன்னால் பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டும், அப்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு திருப்பினால் கிளம்பலாம். எதுவானாலும் கிளம்பாத நிலையில் வண்டியைப் பார்க்காமல் பாகம் மாற்ற விடாதீர்கள். விலையை எழுதி வாங்குங்கள், பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பாகம் போட்டது உண்மைதானே" என்றார் முதலாளி. பயனீட்டாளர் சங்கம் வழியாக எழுதியும் அசையவில்லை. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. என்னைப் போன்ற பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளிக்குள் என்றால் கட்டணம் 10 வெள்ளிதான். ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், அறுந்துபோன சென்சார் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பட்டறையின் பெயரைக் கேட்டு எனக்குத் தனியாக எழுதாதீர்கள், முடிவு வரும்வரை சொல்வதாக இல்லை.