ஸ்கீ வாங்கப் போகிறவர்களுக்கு: வாலில் இருக்கும் ஸ்டிக்கரை முதலில் உரித்துப் பாருங்கள்

குன்னூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் டென்ட், தூக்கப் பை, மலையேற்ற ஷூ எல்லாம் வைத்து விற்கிற ஒருவரிடம் போன ஜூலையில் 41,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வாங்கினேன். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் மூன்று பேர் "எங்கே வாங்கினே, எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் ஏது பனிச்சறுக்கு என்று சிரிப்பீர்கள். சரி, இல்லைதான். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா புல்வெளி வெளுத்துக் கிடப்பது உறைபனி. ஃபோட்டோ எடுக்கலாம், சறுக்க முடியாது. நான் கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். உத்தராகண்டின் ஆலியில் இரண்டு வாரப் பயிற்சி, அப்புறம் இரண்டு குளிர்காலம் குல்மார்க். திரும்பும்போது இரண்டு காலும் இணையாக வர ஆரம்பித்திருந்தது. இந்தக் கட்டத்தில்தான் வாடகைப் பலகை அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றும். ஏமாறவும் இதுவே நல்ல கட்டம். ஒன்றும் தெரியாதவன் நாலு பேரைக் கேட்பான். பாதி தெரிந்தவன் கேட்கமாட்டான்.

எனக்கு வேண்டியது இடுப்பு ஒடுங்கின ஸ்கீ. ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் நீட்டி இழுத்த உடுக்கை மாதிரி இருக்கும். முன்நுனி அகலம், நடுவில் ஒடுக்கம், வாலில் மறுபடி அகலம். இந்த மூன்று அளவையும் மில்லிமீட்டரில் 121-72-106 என்பதுபோல அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நடு எண்தான் இடுப்பு. அது ஒடுங்கியிருந்தால் கெட்டிப்பட்ட பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறலாம், முழங்காலுக்கும் வேலை குறைவு. 100-க்கு மேலே போனால் ஆழமான புதுப்பனியில் மிதக்கும், ஆனால் கெட்டிப் பனியில் சாய்க்கவே மெனக்கெட வேண்டும். திருப்பம் கற்றுக்கொண்டிருக்கிற, அவ்வப்போது ஓரத்துப் பனியிலும் இறங்கிப் பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு 72-லிருந்து 80-க்குள் ஒன்று போதும். ரொம்ப வளைகிற ஆரம்பநிலைப் பலகையும் கூடாது, கம்பி மாதிரி விறைத்த பந்தயப் பலகையும் கூடாது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "76 இருக்கு ப்ரோ, ஒரே சீசன், அஞ்சு நாள்தான் ஓட்டினது" என்றார். நீளம் 163. என் உயரம் 172, நிறுத்தினால் மூக்குக்கு வந்தது, சரி. மேலே பளபளவென்று ஒரு பனிமலைப் படம், வால் வரைக்கும் ஒட்டியிருந்தது. ஸ்கீயின் டிசைனே அதுதான் என்று நினைத்துவிட்டேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பைண்டிங்கையும் அவரே என் பூட்ஸுக்குப் பொருத்தித் தந்தார். "9-ல வெச்சிருக்கேன் ப்ரோ, நீங்க இப்ப பிகினர் இல்லையே." கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ரசீது கேட்கவில்லை, ஜிபேயில் அனுப்பினேன். பையோடு பஸ் ஏறினபோது கண்டக்டர் "என்னப்பா, வீட்டுக்குக் கதவு நிலையா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அந்த வியாபாரத்தில் எனக்கு ரசீது கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் சொன்ன மாற்றித் தரும் கெடு பத்து நாள். ஜூலையில் கோத்தகிரியில் மழையும் மூடுபனியும்தான் உண்டு, பத்து நாளில் எதை ஓட்டிப் பார்ப்பது? விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில், குல்மார்க் கோண்டோலாவின் முதல் கட்டமான கொங்டூரிக்குக் கீழே, இரண்டாவது இறக்கத்திலேயே விழுந்தேன். வேகம்கூட இல்லை. உள்விளிம்பு பனியில் மாட்டி, கால் மெதுவாகத் திருகியது. பைண்டிங் அந்த நேரத்தில் பூட்ஸை விட்டுவிட வேண்டும், விடவில்லை. முழங்கால் உள்பக்க ஜவ்வில் சுளுக்கு, கிழியவில்லை. மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினேன்.

மறுநாள் அங்கே வாடகைக் கடை வைத்திருக்கும் காஷ்மீரிப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது என் எடை, உயரம், வயது, நான் ஓட்டும் விதம். அப்புறம் பூட்ஸைக் கவிழ்த்து, குதிகால் பக்கம் பதித்திருந்த அடிநீளத்தைப் படித்தார், 315 மில்லிமீட்டர். அட்டவணையைப் பார்த்து 5.5 என்றார். அந்த எண் திறமைக்குக் கொடுக்கும் மார்க் இல்லை. எவ்வளவு விசை வந்தால் பைண்டிங் காலை விட வேண்டும் என்கிற அளவு. கூடினால் விழும்போது விடாது, குறைந்தால் நேராகப் போகும்போதே கழன்றுவிடும். நல்லா ஓட்டுகிறாய் என்று சொல்லி 9-ல் வைத்தது, என் முட்டியை விற்றவர் பூட்டி அனுப்பினது மாதிரிதான்.

பெரியவர் பிறகு கட்டைவிரல் நகத்தால் வால் பக்கம் ஸ்டிக்கரைக் கீறினார். பனிமலை உரிந்து வந்தது. அடியில் பெயின்டில் எழுதின வாடகைக் கடை வரிசை எண், பக்கத்தில் அளவு 130-88-112. கேட்டது 76, வந்தது 88. சிரித்துக்கொண்டே, ஸ்கீ கழன்றால் தானாக ஓடிவிடாமல் தடுக்கிற பிரேக் கம்பியைக் காட்டினார், அதில் 95 என்று இருந்தது. 76 இடுப்புக்கு அவ்வளவு அகலமான பிரேக்கை யாரும் போடமாட்டார்களாம். கண்ணெதிரே இருந்திருக்கிறது. வீட்டில் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் ஸ்கேல் கிடக்கிறது, நான் வைத்துப் பார்க்கவில்லை. இந்த முட்டாள்தனம் என்னுடையது, அதை விற்றவர் தலையில் கட்டமாட்டேன்.

88 கெட்ட அளவு என்றும் சொல்லமாட்டேன். மேலே அபர்வத் சரிவில் ஆழப் பனியில் இறங்குகிறவர்களுக்கு 88-கூடக் குறைவு. நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஸ்கீயைப் பார்த்ததே இல்லை. ஆனால் தேயிலையை நசுக்கி அறுக்கிற சிடிசி ரோலரின் பல்லை வருடக்கணக்காகத் தீட்டுகிறவர், தீட்டத் தீட்ட ரோலரின் விட்டம் குறைவதைக் கையால் அறிந்தவர். ஓரத்து எஃகு விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, "இது நிறையத் தடவை தீட்டினது தம்பி" என்றார். வெர்னியர் வைத்தார். புதிதில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உயரம், காலடிப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. அஞ்சு நாள் ஓட்டினால் இப்படித் தேயாது. அடிப்பரப்பும் மெழுகு காணாமல் வெளுத்திருந்தது.

இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்து வைத்துப் பார்த்தோம். என் ரக ஸ்கீயில் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும், கையால் அமுக்கினால் மூடி, விட்டால் திரும்ப வில் மாதிரி விரிய வேண்டும். ஒன்றில் இடைவெளியே இல்லை, செத்துப் போயிருந்தது. பைண்டிங்குக்கு முன்னால் பழைய திருகுத் துளைகளை அடைத்த தடமும் இருந்தது. இத்தனையும் பனி இல்லாமல், வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கலாம். பைண்டிங் மட்டும் அப்படி இல்லை. அதை அட்டவணையும் கருவியும் வைத்திருக்கும் கடையில் காட்டாமல் ஒரு இறக்கம்கூட இறங்காதீர்கள்.

விற்றவருக்கு ஃபோன் போட்டேன். "ஏழு மாசம் கழிச்சு வந்து சொன்னா எப்படி ப்ரோ? விழுந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" வாட்ஸ்அப்பில் 76 என்று எழுதினதைக் காட்டினேன், பார்த்தார், பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. உரையாடலை அச்செடுத்து, ஜிபே விவரத்தோடு ஊட்டிக்கு எடுத்துப்போகத் தயாராக வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவர் ஸ்டேட்டஸில் இன்னொரு ஜோடி வந்தது. "ஒரே சீசன், ஆல்ரவுண்டர், 74" என்று போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் வரைக்கும் அதே பனிமலை.